குழாய் உடையவில்லை, எண்ணெய் மட்டும் வெளியே வந்தது

புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் மழையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவு நீளம்தான். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் பாடம் எடுத்தவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களில் பலருக்கு அனுபவத்தில் தெரியும்.

விஷயம் மழைத் தண்ணீர். ஊருக்குள் தண்ணீர் நிற்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், டி.வி.யில் காட்டுகிறார்கள், கவுன்சிலரைத் திட்டுகிறோம். ஒரு காம்பவுண்டுக்குள் விழுந்த மழை, அந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே போகும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது ஆலையாக இருக்கலாம், கல்லூரியாக இருக்கலாம். நான் முக்கியமாகக் கல்லூரிகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் ஆலையிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் நம்மைப் புரட்டி எடுத்தது. புயல் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்து போய்விட்டது. எர்ணாவூர் பக்கத்தில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்தபோது சுவரில் கறுப்பாக எண்ணெய்க் கோடு நின்றது. அதே எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. கடலில் ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டருக்கு அது பரவியிருந்ததாகக் கடலோரக் காவல் படை சொன்னது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லா இடத்திலும் படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர் என்று ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டது. கூழைக்கடா பறவைகள் சிறகில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்களே. எதைக் கொண்டு? பிளாஸ்டிக் மக், பக்கெட், கோணிப்பை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போதும் பக்கெட்தான். ஆறு வருடம் கழித்தும் பக்கெட்தான். இத்தனை துறைமுகம், இத்தனை ஆலை இருக்கிற ஊரில் நாம் கண்ட முன்னேற்றம் இது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில் முதல் சில நாள் பெரிய குழப்பம். மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, தங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்று சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிறகு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து சொன்னது என்ன தெரியுமா? அந்த வளாகத்துக்குள் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதுமானதாக இல்லை, தெற்கு வாசல் பக்கம் தேங்கிய மழைநீரில் எண்ணெய் கலந்து, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போயிருக்கிறது என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'குழாயில் கசிவு இல்லை' என்று ஆலை சொன்னதைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது முழு உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால்தான் எனக்குப் பயம் அதிகம். குழாய் உடைந்தால் விபத்து. உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து வெல்டிங் வைக்கலாம். எதுவுமே உடையாமல், எந்த இயந்திரமும் கோளாறு ஆகாமல், தரையிலும் வடிகாலிலும் குட்டையிலும் கிடந்ததை மழை மட்டுமே தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தது என்றால், ஒவ்வொரு மழைக்கும் அது வரும். சின்ன மழைக்குக் கொஞ்சமாக வரும், நம் கண்ணில் படாது. பெரிய மழைக்கு மொத்தமாக வரும், டி.வி.யில் வரும்.

'அத்தனை மழையில் யார்தான் என்ன செய்ய முடியும் சார்' என்று அப்போது என்னிடம் பலர் கேட்டார்கள். அதில் ஒருவர் படித்தவர், பெரிய பொறுப்பில் இருந்தவர். மழை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மழை தண்ணீரைத்தானே கொண்டு வந்தது? எண்ணெயை மேகம் கொண்டு வரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மூன்று லாரிக்கு மேல். நூறு ஏக்கர் வளாகம் என்றால் 40 லட்சம் லிட்டர். இது ஒரு சென்டிமீட்டருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அபூர்வம் இல்லை. அப்போது 4 கோடி லிட்டர்.

இப்போது எண்ணெய்ப் பக்கம் வாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு மைக்ரான் கனத்துக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தண்ணீர் மேல் பரப்பினால் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் நாலரை கிரவுண்டு. வாட்டர் பாட்டில் அளவு எண்ணெய் நாலரை கிரவுண்டை மூடிவிடும். அந்தப் படலத்துக்குக் கீழே காற்று இறங்குவது குறையும். முட்டையும் குஞ்சும் மேலே மிதக்கிற காலமாக இருந்தால் முதல் அடி அதற்குத்தான்.

'வடிகால் கடைசியில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்திருக்கிறோமே' என்பார்கள். தொட்டி நல்லதுதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும், அடியில் இருக்கும் தண்ணீரை மட்டும் வெளியே விடலாம். எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் மிதந்து மேலே வர அதற்கு நேரம் வேண்டும். தண்ணீர் மெதுவாகப் போனால் நேரம் கிடைக்கும். கொட்டுகிற மழையில் தொட்டிக்குள் நுழைந்த தண்ணீர் நுழைந்த வேகத்தில் வெளியே போய்விடும். ஏற்கெனவே பிரித்து மேலே நிறுத்திய எண்ணெயையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். சாதாரண நாளில் காவல் காக்கும் தொட்டி, பெருமழை அன்று மொத்தமாகத் திறந்துவிட்டுவிடும். அதனால் மழைநீரில் கலந்த பிறகு பிரிப்பது என்பது கடைசி வழி. மழைநீரைத் தொடவிடாமல் வைப்பதுதான் முதல் வழி. மேலே கூரை போடு, சுற்றிக் குட்டைச் சுவர் கட்டு, சிந்தியதை அன்றைக்கே மரத்தூள் போட்டுத் துடை. இதற்குப் பெரிய இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை.

இப்போது இன்ஜினியரிங் படிப்புக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பொறியியல் கல்லூரிக்கு அறிவியல் கண்காட்சி நடுவராகப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்; அந்தக் கல்லூரி மட்டும் அப்படி என்று நினைத்துவிடுவீர்கள். முதல் பரிசு வாங்கியது, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் ஒரு சின்னப் படகு. மூன்றாம் வருடப் பிள்ளைகள் செய்தது. மிக நன்றாக இருந்தது, எண்ணூரில் நடந்ததைப் பார்த்துத்தான் செய்தோம் சார் என்றார்கள். மனதாரப் பரிசு கொடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கலாம் என்று கட்டடத்தின் பின்னால் போனேன். கல்லூரி பஸ் ஷெட். நம் பக்கத்துக் கல்லூரிகளில் வகுப்பறைக்கு அடுத்தபடி பெரிய இடம் பஸ்ஸுக்குத்தான். வரிசையாக முப்பது, நாற்பது பஸ். ஒரு பக்கம் டீசல் பேரல், ஒரு பக்கம் பள்ளம் வெட்டி அதில் இறங்கி ஆயில் மாற்றுகிறார்கள். தரை முழுக்கக் கறுப்பு. ஒரு பையன் பஸ்ஸைப் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய தண்ணீர் வானவில் மாதிரி மின்னிக்கொண்டு, இரும்புச் சட்டம் போட்ட ஒரு வாய்க்காலுக்குள் விழுந்தது.

மெக்கானிக்கிடம் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை. "பழைய ஆயிலெல்லாம் கேன்ல புடிச்சு வச்சுடுவோம் சார், அதை வாங்கிட்டுப் போக ஆள் வரும். கழுவுற தண்ணி மட்டும்தான் இதுல போவுது." இந்த வாய்க்கால் எங்கே போகிறது என்றேன். "வெளிய போவுது சார்."

வெளியே என்றால் எங்கே? அவருக்குத் தெரியவில்லை. எஸ்டேட் மேனேஜருக்குத் தெரியவில்லை. சிவில் துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் சாலையோர வாய்க்கால் வரைக்கும் சொன்னார், அதற்கப்புறம் ஏரி என்றார், எந்த ஏரி என்று யோசித்தார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.

கண்காட்சிக் கூடத்துக்கும் பஸ் ஷெட்டுக்கும் நூறு அடி இருக்கும். அந்தப் பிள்ளைகள் தினம் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போகிறார்கள். எண்ணூரில் மிதந்த எண்ணெய் அவர்களுக்குத் தெரிந்தது. இது தெரியவில்லை. யார் சொல்லிக் கொடுத்தோம்?

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று நன்றாக வைத்திருந்தார்கள். தண்ணீரில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று அளக்க ஒரு சோதனை உண்டு, வேதியியல் ஆக்சிஜன் தேவை என்போம். அதைச் செய்ய டைக்ரோமேட், வெள்ளி சல்பேட், பாதரச சல்பேட் எல்லாம் வேண்டும். மாசை அளக்கிற சோதனையே பாதரசக் கழிவை உண்டாக்குகிறது. அதைத் தனி ஜாடியில் சேர்த்து வைத்துப் பொறுப்பான ஆளிடம் கொடுக்க வேண்டும். பேசினில் ஊற்றினால் அந்தப் பேசின் எந்தக் குழாயில் சேருகிறது என்று பார்க்க வேண்டும். சாக்கடையிலா, மழைநீர் வடிகாலிலா? பழைய கட்டடங்களில், இடையில் பத்து தடவை இடித்துக் கட்டிய கட்டடங்களில், எது எதோடு இணைந்திருக்கிறது என்பது அதைக் கட்டிய கொத்தனாருக்குத்தான் வெளிச்சம். ஹாஸ்டல் சமையல்கூடம் பாத்திரம் கழுவும் தண்ணீர் மழைநீர் வடிகாலில் விழுவதை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன்.

'சார், சுத்திகரிப்பு ஆலை எங்கே, காலேஜ் பஸ் ஷெட் எங்கே? ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசறீங்களே' என்று கேட்பீர்கள். நியாயம். ஒன்றாக வைக்கவே இல்லை. இந்தக் காலத்தில் 'நாம் எல்லோருமே காரணம்' என்று ஒரு வார்த்தை கிளம்பியிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. எல்லோரும் காரணம் என்றால் யாரும் காரணம் இல்லை என்று ஆகிவிடும். 1965-இல் தொடங்கிய ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு இருக்கிற பொறுப்பு வேறு, எவர்சில்வர் தட்டு கழுவுகிற ஹாஸ்டலுக்கு இருக்கிற பொறுப்பு வேறு. கல்லூரி பஸ் ஷெட்டைச் சரிசெய்தால் எண்ணூர் சுத்தமாகிவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

நான் சொல்வது வேறு. மணலியிலும் காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் நாளைக்கு ஷிப்ட் இன்ஜினியராக, பராமரிப்பு மேற்பார்வையாளராக, பாதுகாப்பு அதிகாரியாக நிற்கப் போகிறவர்கள் இந்தக் கல்லூரிகளில்தான் நான்கு வருடம் இருக்கிறார்கள். என் மாணவர்களே எத்தனை பேர் அங்கே இருக்கிறீர்கள்! 'வெளியே போகிறது' என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் படிகிறது. நான்கு வருடம் அந்த வாய்க்காலைத் தாண்டி நடந்தவன், ஆலைக்குப் போய்த் தெற்கு வாசலில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றால், அதைப் பார்ப்பான். பார்த்தும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, காட்டுப்பள்ளி பக்கத்துப் பெண்தான், தான் படித்த பல்கலைக்கழகத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். நடைபாதை ஓரத்தில் மழைநீர் இறங்கும் வாய். அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு தகடு, மீன் படம் போட்டு, 'எதையும் கொட்டாதே, இது நேராக ஆற்றுக்குப் போகிறது' என்று எழுதியிருக்கிறது. 'சார், இங்கே ஒவ்வொரு வாய்க்கும் ஒண்ணு வச்சிருக்காங்க' என்றாள்.

அலங்காரத்துக்கு வைத்ததில்லை அது. அந்த நாட்டில் தண்ணீர்ச் சட்டத்தில் 1987-இல் திருத்தம் செய்து மழைநீர் வடிகாலுக்கும் உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். முதலில் பெரிய நகரங்களும் ஆலைகளும். 1999-இல் வந்த இரண்டாம் கட்ட விதிகளில், நகர்ப் பகுதியில் சொந்த வடிகால் வைத்திருக்கும் பொதுப் பல்கலைக்கழகம், மருத்துவமனை, சிறைச்சாலை எல்லாம் சேர்ந்தன. அப்படி உரிமத்துக்குள் வரும் பல்கலைக்கழகம் தன் வடிகால்களுக்கு வரைபடம் வைத்திருக்க வேண்டும், தப்பாக இணைத்த குழாயைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கட்டட வேலை நடந்தால் மண் கரைந்து போகாமல் தடுக்க வேண்டும், தோட்டக்காரரிலிருந்து டிரைவர் வரை பயிற்சி கொடுக்க வேண்டும், செய்ததை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அமெரிக்காக்காரன் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அவன் ஆறுகள் எப்படி நாறின என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். பல்கலைக்கழகத்தையும் ஒரு வடிகாலின் சொந்தக்காரனாகப் பார்த்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

நம் சட்டம் மட்டமில்லை. 1974-ஆம் வருடத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'நீரோடை' என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் மட்டும் இல்லை, இப்போதைக்கு வறண்டு கிடக்கிற வாய்க்காலும் நீரோடைதான். தெரிந்தே மாசுப் பொருளை அதில் விடுவது குற்றம். சித்திரை மாதம் காய்ந்து கிடக்கிற கல்லூரி வாசல் கால்வாய்க்கும் இது பொருந்தும் என்பது என் வாசிப்பு. வழக்கறிஞர் நண்பர்கள் இருந்தால் திருத்தலாம்.

கல்லூரிகளுக்கு நாக் குழு வருகிறது என்றால் 'மழைநீர் சேகரிப்பு' என்று பச்சைப் பலகை மாட்டுகிறார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் அதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம், நம் ஊர்க் கிணறுகளுக்கு உயிர் வந்தது. ஆனால் பலகையோடு நிற்கக் கூடாது. கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விடுங்கள், தாராளமாக விடுங்கள். பஸ் ஷெட் தண்ணீரையும், பார்க்கிங் தண்ணீரையும் அதே குழிக்குள் விட்டால், கால்வாய்க்குப் போக வேண்டிய எண்ணெயை நேராக நிலத்தடிக்கு இறக்குகிறோம் என்று அர்த்தம். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீர் ஏற்கெனவே பட்ட பாடு போதும். அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் உள்ளே வந்து உப்பாகிப் போனதை 1970-களிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி வருகிறார்கள். உப்பு போதாது என்று டீசலையும் சேர்க்க வேண்டுமா?

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் செலவைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஷெட்டுக்குக் கூரை, தரையைக் கழுவுவதற்குத் தனி மேடை, அந்த மேடையின் தண்ணீர் மட்டும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகிற மாதிரி ஒரு குழாய். ஆண்டு விழாவுக்கு நடிகரைக் கூப்பிடுகிற செலவை விட இது அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூரை போட்ட இடத்தில் விழும் மழை சுத்தமாகவே ஓடிவிடும், தொட்டிக்கு வரும் தண்ணீரோ கழுவுகிற அளவுதான். அப்போது அந்தத் தொட்டி பெருமழை அன்றும் வேலை செய்யும். டீசல் பேரலும் ஜெனரேட்டரும் இருக்கும் இடத்தைச் சுற்றி, பேரல் மொத்தமும் கவிழ்ந்தாலும் உள்ளேயே நிற்கிற உயரத்துக்குக் குட்டைச் சுவர். வளாகத்தை விட்டுத் தண்ணீர் வெளியேறும் கடைசி இடத்தில் ஒரு பலகைக் கதவு; உள்ளே ஏதாவது கொட்டிவிட்டால் இறக்கி மூடலாம். இப்படி ஒரு கதவு இருந்து, அதை மூட ஒரு ஆளும் இருந்து, அவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

முதல் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாள் காய்ந்த தரையில் முதலில் விழும் மழைதான் அழுக்கைப் பெரும்பாலும் கழுவி எடுக்கும். வீட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும்போது நம் பாட்டிமார்கள் முதல் தண்ணீரை விட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். வளாகத்திலும் அதே புத்திதான். மழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாரி, ஷெட் தரையைத் துடைத்து, கறுப்பு வண்டலை அள்ளி எடுத்துவிட்டால் முதல் மழை கொண்டு போவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. புரட்டாசிக்குள் செய்ய வேண்டிய வேலை. கார்த்திகையில் நடக்கிற தூர்வாரலை நாம் போட்டோவில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அள்ளிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைப்பார்கள், அடுத்த மழையில் அது பத்திரமாகப் பழைய இடத்துக்கே போய்ச் சேரும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் இருக்கிற இடம் அப்படி. காட்டுப்பள்ளியை வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கொசஸ்தலை ஆறு வந்து சேரும் எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் ஒரு மணல் திட்டு. இந்த மாவட்டத்தில் பெய்கிற மழையில் பெரும்பகுதி கொசஸ்தலையிலோ ஆரணி ஆற்றிலோ இறங்கி, கடைசியில் நம் பக்கத்துக்குத்தான் வருகிறது. 'வெளியே போவுது சார்' என்று யார் எங்கே சொன்னாலும், அந்த வெளி நம் வாசல்தான்.

அந்த மணல் திட்டில் என்னவெல்லாம் இருக்கிறது? துறைமுகம், கப்பல் கட்டும் தளம், பக்கத்தில் அனல் மின் நிலையம். இதோடு 2010-இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது, சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். எந்தக் கடலில் மழைநீரோடு எல்லாவற்றையும் விடுகிறோமோ அதே கரையிலிருந்து எடுத்து, கோடிக்கணக்கில் செலவழித்து வடிகட்டிக் குடிக்கிறோம். இதை எப்போது வகுப்பில் சொன்னாலும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஆலைகளில் கழிவுநீர் வெளியேறும் குழாய்க்கு மீட்டர் இருக்கிறது, பெரிய ஆலைகளில் அதன் அளவு ஆன்லைனில் வாரியத்துக்கே போகிறது. மழைநீர் வடிகாலின் வாயில் அப்படி ஒரு கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை. கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. பருவமழை மூன்று மாதத்துக்காவது அங்கே தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் கேட் முன்னால் பலகையில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். கேட்டால் 'மழைக்காலத்தில் எல்லாம் கலங்கலாகத்தான் இருக்கும்' என்பார்கள். மண் கலங்கலுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நாம்?

2023-இல் அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஒரு வலை என்ன விலை என்று தெரிந்தவர்கள் 12,500-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் எத்தனை நாள் எண்ணூர் மீன் என்றாலே வேண்டாம் என்று கூடையைத் தாண்டிப் போனார்கள்! தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை; அவர்கள் கணக்கு எந்தப் பட்டியலில் வரும்? அந்தச் சமயம் ஒரு காட்டுக்குப்பத்துக்காரர் என்னிடம் சொன்னார்: "எண்ணெய எடுத்தாச்சுன்றாங்க சார். சொல்றவங்கள வந்து இந்தச் சேத்துல கைய வுட்டுப் பாக்கச் சொல்லுங்க."

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், பழைய பழக்கம். ஆலையில் இருப்பவர்களும் கல்லூரியில் இருப்பவர்களும், உங்கள் வளாகத்து மழைநீர் காம்பவுண்டைத் தாண்டும் கடைசிக் குழி எது என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள். மூடியைத் தூக்கி, ஒரு குச்சியால் அடி வண்டலைக் கிளறுங்கள். கிளறிய இடத்தில் வானவில் நிறம் மேலே வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், லேப் ரிப்போர்ட் வேண்டாம். பிறகு அங்கிருந்து எந்த வாய்க்கால், எந்த ஏரி, எந்த ஆறு என்று கழிமுகம் வரை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வேலைக்கு ஆபத்து வருகிற மாதிரி எதையும் இங்கே எழுத வேண்டாம். முதலில் உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள். அவருக்கும் தெரியாமல்தான் இருக்கும்.

முதல்வர்கள், தாளாளர்கள் யாராவது இதைப் படித்தால், வரைபடம் போடப் பிள்ளைகளோடு நானும் வருகிறேன். வண்டி அனுப்ப வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மீஞ்சூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். மழை பெய்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வெயிலில் வந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது.